ஜன்னலோரப் பள்ளம்

மாடி வீடுகளுக்கு மெல்லிய தரை வந்த பிறகு, எடை ஏறினால் அது எவ்வளவு தொய்கிறது என்று லேசரால் அளக்கும் கருவியைக் கூரைதோறும் பொருத்தியிருந்தார்கள். பாலங்களை அப்படி அளப்பதுதான் குணசீலனின் பிழைப்பு. அன்றும் பாலத்தடியில் நின்று, கைபேசியில் தன் வீட்டுத் தரையைப் பார்த்தான். மனைவி பிரமிளா நிற்கும் சமையலறையில் ஒரு பள்ளம். கூடத்து ஜன்னலோரம், முதல்முறையாக, இன்னொரு பள்ளம். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினான்.

“யாருடி அவன்? காலையிலேர்ந்து ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கான்!”

அவள் அங்கிருந்த காலி நாற்காலியைக் காட்டினாள். “நீங்கதான். நான் எங்க நிக்கிறேன், யாரோட நிக்கிறேன்னு பாக்க மூணு வருஷமா வீட்டுல இருக்கற நேரமெல்லாம் அதுலயேதான உக்காந்திருந்தீங்க? இன்னிக்கு நீங்க எழுந்து போயும் தரை எழும்பல, இனி எழும்பாது. பாலத்துல பாத்ததில்லையா?”

பார்த்திருக்கிறான். எடையை இறக்கியும் மீளாத தொய்வை எத்தனையோ பாலங்களுக்கு அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

முன்பே கட்டி வைத்திருந்த பையோடு அவள் வாசலைத் தாண்டினாள். கைபேசியில் சமையலறைத் தரை, மயிரிழையும் மிச்சம் வைக்காமல், பழைய மட்டத்துக்கு எழும்பியிருந்தது.