லாட்ஜ் தண்ணி

லாட்ஜ்காரன் கதை இன்றோடு முடிந்தது என்று சுதாராணி முடிவுகட்டிவிட்டாள். அவள் சோதித்த அவன் லாட்ஜ் பாட்டில் தண்ணீரில் அமோனியா எகிறியது.

“மீட்டர் சரியாம்மா?” என்றார் கொடைக்கானல் நீர்ப் பரிசோதனைக் கூட மேலாளர் தனசேகர்.

“ரெண்டு தடவை சரிபாத்துட்டேங்க. சாக்கடை கலந்த தண்ணி! லாட்ஜை வெரசா பூட்டச் சொல்லுங்க.”

கத்தியதில் தொண்டை வறண்டது. ஊர்க் குழாய்த் தண்ணீரை அவள் நம்புவதேயில்லை. கூடத்து டிஸ்டில்டு வாட்டர் கேனிலிருந்து வழக்கம்போல் ஒரு டம்ளர் பிடித்து, மடமடவென்று குடித்தாள்.

“லாட்ஜ் பாட்டில் இன்னும் ஜீப்லதான் கெடக்கு. நம்ம சோதனை சரியான்னு பாக்க, லாட்ஜ் பேரு எழுதின சீட்டை ஒட்டி நான்தான் வேற தண்ணி வெச்சேன்,” என்றார் தனசேகர்.

“எந்தத் தண்ணிங்க?”

“இப்ப நீ குடிச்சதுதாம்மா.”