பக்கத்துக் கட்டிலின் சத்தம்

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இளைய மருமகளின் இதயம் ‘டப்... டப்...’ என்று சாவகாசமாக ஒலிக்கிறது. ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். “தினமும் நீச்சலடிக்கிறீங்கல்ல, ஒவ்வொரு துடிப்புக்கும் நிறைய ரத்தத்தைத் தள்ளுது. அதான் மெதுவா துடிச்சாலே போதும் உடம்புக்கு.” இந்தப் பக்கக் கட்டிலில் மூத்த மருமகள் மேற்கூரையை முறைத்தபடி படுத்திருக்கிறாள். இளையவளுக்கு அடர்ந்த தலைமுடி, மாமியாரின் செல்லம், இப்போது இதயமுமா? மார்பில் ஒட்டிய ஒயர்கள் சில்லிடுகின்றன. தலைமாட்டுப் பெட்டியில் பச்சைக்கோடு நெருக்கி நெருக்கி எகிறுகிறது. “என்னக்கா, சும்மா படுத்திருக்கும்போதே இந்த ஓட்டம் ஓடுது?” என்று ஸ்கேன் பெண் எட்டிப் பார்க்கிறாள். ஓரகத்தி பதறி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். “பயப்படாதீங்கக்கா, நான் இருக்கேன்ல.” அந்தக் கையும் வெதுவெதுப்பாக இருக்கிறது, பாவி. பச்சைக்கோடு தலைதெறிக்க ஓடுகிறது.