இரும்புக் கட்டி

பாக்தாத் பாப் அஷ்-ஷர்க்கி சந்தையில், ஃபிராஸின் கடை மேசைமேல் இன்வெர்ட்டரைப் பிரித்துப் போட்டார் ஹாஜி ஜப்பார்.

"நேத்து நீ குடுத்ததுதான். உள்ள பாரு, எந்த ஒயரும் சேராம ஒரு இரும்புக் கட்டி சும்மா கெடக்கு. யாரை ஏமாத்துற?"

"ஹாஜி, இப்ப வர்ற சர்க்யூட்டுக்குக் கனமே இல்ல. லேசா இருந்தா போலின்னு எவனும் வாங்க மாட்டேங்குறான். அதான் கம்பெனிக்காரனே இரும்பை வெச்சு அனுப்புறான். இந்தாங்க, அதே சர்க்யூட்டு, இரும்பு இல்லாதது. பாதி விலைதான்."

"பாதி விலையா?"

ஹாஜி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார். ஃபிராஸை முறைத்தார்.

"முன்னாடி என் டிவியைக் கருக்குன இன்வெர்ட்டரும் இப்படித்தான் லேசா இருந்துச்சு."

தான் பிரித்துப் போட்ட இன்வெர்ட்டரையே அவனிடம் தள்ளினார்.

"அந்தக் கட்டி ஆடாம, ஸ்க்ரூவை நல்லா முடுக்கிக் குடு."