நானூற்று இருபது கிலோமீட்டர்

"இதை எடுத்துட்டுப் போம்மா. பக்கத்துல நாங்க நோன்போட உட்கார்ந்திருக்கோம்ல."

ஃபவ்வாஸ் விரலை நீட்டியது பக்கத்து இருக்கைக்காரனின் சாப்பாட்டுத் தட்டை நோக்கி. அவனுக்கு நாற்பது வயதிருக்கும், சாதாரணச் சட்டை போட்டிருந்தான். ரமலான் பகலில் விமானமே பட்டினி கிடக்க, பணிப்பெண் அவனுக்கு மட்டும், அவன் கேட்காமலே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

ஃபவ்வாஸ் ஏற்கெனவே படபடப்பில் இருந்தார். அன்று மாலை அம்மானில் மகள் லுஜைனுக்கு நிக்காஹ். நேரடி விமானத்தில் இடம் கிடைக்காமல், குவைத்திலிருந்து பஹ்ரைன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். பஹ்ரைனில் ஒரு மணிக்குக் கிளம்பினால் மூன்றே முக்காலுக்கு அம்மான், ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீடு. நிக்காஹை நடத்திவைக்கும் காஜியார் ஐந்துக்கு மேல் ஒரு நிமிடம் நிற்க மாட்டார். மாப்பிள்ளை இரவே கனடாவுக்குப் போகிறான், திரும்பி வர இரண்டு வருடம் ஆகும்.

பெண்ணை ஒப்படைக்க அப்பாவோ அவர் பொறுப்பாக்கியவரோ இல்லாமல் நிக்காஹ் நடக்காது, எதற்கும் லுஜைனின் சித்தப்பாவைப் பொறுப்பாக்கி வைக்கலாமே என்று மனைவி கேட்டிருந்தாள். நோன்பை ஒழுங்காகப் பிடிக்காதவனுக்கு என் மகளை ஒப்படைக்க யோக்கியதை இல்லை என்று சொல்லிவிட்டார். ஊரில் யாருக்கு யோக்கியதை உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

"பயணத்துல நோன்பை விடலாமே, ஹாஜியாரே," என்றான் அவன், கடிகாரத்தைப் பார்த்தபடி. "நான் இப்ப சாப்பிட்டாகணும்."

"இது ஒரு பயணமா? பஹ்ரைனுக்கு நானூத்தி இருபது கிலோமீட்டர். காலை நீட்டி மடக்குறதுக்குள்ள இறங்கிரும். எங்க தாத்தா ஒட்டகத்துல இருபது நாள் போனாரு, ஒரு நோன்பை விடல. ஒரு மணி நேரம் வாயைக் கட்ட முடியாத உன்னை நம்பி எவன் என்ன பொறுப்பைக் கொடுப்பான்?"

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. தட்டை மூடி நீட்டினான். பணிப்பெண் தயங்கினாள், அவன் தலையசைத்த பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

ஒரு பாவியைத் திருத்திவிட்ட நிறைவில் ஃபவ்வாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

பஹ்ரைனில் மணி ஒன்றானது. அம்மான் விமானத்துக்கு யாரையும் ஏற்றவில்லை. ஒன்றே காலுக்கு ஃபவ்வாஸ் வாசலில் நின்ற ஊழியரிடம் ஓடினார். ஒன்றரைக்குத்தான் கிளம்பும் என்றார் அவர்.

ஒன்றரைக்குக் கிளம்பினால் காஜியார் இருக்க மாட்டார். ஃபவ்வாஸ் மகளின் நிக்காஹைச் சொல்லிக் கெஞ்சினார். தன் குரல் இவ்வளவு இறங்கி அவரே கேட்டதில்லை. விமானத்தில் என்ன கோளாறு என்று கேட்டார்.

"விமானத்துல ஒண்ணும் இல்ல, ஹாஜியாரே. விமானி சாப்பிட்டுக்கிட்டிருக்காரு, வெறும் வயித்தோட ஓட்ட விட மாட்டாங்க," என்றார் ஊழியர். "குவைத்துலேர்ந்து வர்ற வழியில யாரோ அவரைச் சாப்பிட விடலையாம்."