வாசலில் இருந்த குடம்

கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தல வரலாறு சொல்வது அவள் வேலை. கல்வெட்டில் இல்லாத ஒரு சொல்லைக் கூட்டமாட்டாள். ஒரே ஒருமுறைதான் தவறினாள். கருவறை வாசலில் இருக்கும் குடம் எதற்கு என்று யாரோ கேட்டபோது, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இந்தக் கோயிலைக் கட்டின சிற்பி, சாமிக்குக் கண் திறந்ததும் உள்ளேயே மறைஞ்சுட்டாராம். வெளிய வந்தா கால் கழுவ வச்சது" என்று அளந்துவிட்டாள். அவருக்கு இடது காலில் ஆறு விரல் என்றும் நாக்கு நுனிவரை வந்தது. கண், காது, மூக்கு வைப்பதற்கும் ஓர் அளவு உண்டென்று விழுங்கிக்கொண்டாள். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மற்றதெல்லாம் அடுத்த ஆண்டே தல வரலாற்றுப் புத்தகத்தில் அச்சேறிவிட்டது.

இன்று மாலை நடை திறந்ததும் அர்ச்சகர் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, மத்தியானம் பூட்டும்போது குடம் நிறையத் தண்ணி இருந்துச்சு. இப்போ பாதிதான் இருக்கு."

"எலி தட்டியிருக்கும் சாமி."

"எலிக்கு இவ்ளோ பெரிய காலா?"

கருவறைப் படியிலிருந்து ஈரத் தடங்கள் இறங்கி வந்திருந்தன. இடது காலில் ஆறு விரல். அவள் வழக்கமாகச் சாய்ந்து நின்று கதை சொல்லும் தூணுக்கு எதிரே, கேட்க நிற்பவரைப் போல, இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றிருந்தன.

அதற்கப்பால் தரை காய்ந்து கிடந்தது.