டிப்ளோரபிள்

தனியாகக் குடியிருக்கும் சுகிர்தாவின் வீட்டுக்கு ஓர் ஆண் வந்துபோகிறாராம். அதைப் பற்றி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் தணிகாசலம் ஒரே ஒரு சொல்லைப் போட்டார்: டிப்ளோரபிள். எங்களில் பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டோம்.

சாயங்காலம் சுகிர்தா அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். நான் துணி எடுக்கப் போகிற சாக்கில் படியிலேயே நின்றுகொண்டேன். இன்னும் நாலைந்து பேருக்கும் அங்கே ஏதோ வேலை இருந்தது.

“சார், அதைத் தமிழ்ல என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

“சும்மா ஒரு வார்த்தைம்மா அது.”

“அந்த வார்த்தையப் படிச்சுட்டுத்தான் ஓனர் என்னைக் காலி பண்ணச் சொல்றார். கேவலம்னு அர்த்தமா?”

“ஐயையோ, அப்படிச் சொல்வேனா?”

“அசிங்கம்?”

“சேச்சே!”

“சரி, தப்புன்னாவது சொல்லுங்க.”

தணிகாசலம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். இங்கிலீஷில் அவ்வளவு தைரியமாக இருந்த மனுஷன்!

“அப்ப நான் என்னதான் சார் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலைம்மா.”

“இதையே குரூப்ல போடுங்க. நான் நிக்கிறேன்.”

அவர் கண்ணாடியைத் தேடுவதுபோல உள்ளே திரும்பினார். அவர் மனைவி அதை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கிப் போட்டுக்கொண்டு போனில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். படியில் நின்ற நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஆள் எங்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.