வராத வீடு

"இன்னிக்கும் அந்த மகராசி வரலையா?"

பெர்மெத் கேட்டதும், நடுரோட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

பதினேழு நாளாகச் சுரங்க லாரிகளை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மலைக்கு மேலே தங்கம் தோண்டப் போகிறார்களாம். ஆறு கெட்டுப்போனால் உருளைக்கிழங்கு வயல் என்னாவது? ஊரை ஒரு வார்த்தை கேட்காமல் தலைநகர் பிஷ்கெக்கில் உட்கார்ந்துகொண்டு எவனோ கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"எங்களைக் கேக்காம முடிவு பண்ணாதே!" என்று கத்திக் கத்திப் பெர்மெத்துக்குத் தொண்டையே போய்விட்டது.

பெண்கள் முன்னால் உட்கார்ந்தால் போலீஸ் கை வைக்கத் தயங்கும். அதனால் வீட்டுக்கு ஒரு பெண் என்று பேச்சு. ஆற்றுத் தெருவில் பத்து வீடு. ஒன்பது வீட்டிலிருந்து விடிந்ததும் வந்தால் இருட்டித்தான் திரும்புகிறார்கள். பத்தாவது வீட்டுத் துர்சுனை மட்டும் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"நேத்து நேருக்கு நேரா கேட்டேன். 'வேலை இருக்குக்கா'ங்கறா. அப்படி என்னடி வேலை? புருஷன் ரஷ்யாவிலே. புள்ளையா குட்டியா? நமக்கெல்லாம் வேலை இல்லையா?" என்று பொரிந்தாள் பெர்மெத்.

"சுரங்கக்காரன் ஏதாவது கொடுத்து வாயை அடைச்சிருப்பான்," என்றாள் சினார்.

"நாம வெயில்ல காஞ்சு தண்ணியைக் காப்பாத்தணும். அவ நோகாம வயலுக்குப் பாய்ச்சிக்கணும். நல்லா இருக்கே நியாயம்!"

உர்மத் அக்கா மட்டும் இழுத்தாள். "மாடு கன்னு இருக்கில்லே... பால் கறக்க ஆள் வேணாமா?"

"ஏன்க்கா, அவ வீட்டிலே மட்டுந்தான் மாடு இருக்கா? நம்ம மாட்டையெல்லாம் கறக்காம விட்டுட்டா வந்தோம்?"

எல்லாரும் தேநீர்க் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்தார்கள்.

பெர்மெத்தும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். 'உன் மாட்டை யார் கறக்கறது?' என்று எவளாவது திருப்பிக் கேட்டுவிட்டால்?

அவள் புருஷன் ஜோல்தோஷ்தான் கறக்கிறான். ஆண்பிள்ளை மாட்டு மடியில் கை வைத்தான் என்று தெரிந்தால், இந்த ஊரில் கல்யாணம், கருமாதி எதிலும் தலைகாட்ட முடியாது. "உனக்காகத்தான் இந்த மானக்கேடு. செத்தாலும் வெளியே சொல்லிடாதே," என்றபோது அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. அப்படிப்பட்ட மனுஷன். அவனைக் காட்டிக் கொடுப்பாளா?

"சரி, பேசினது போதும்," என்றாள் பெர்மெத். "ரோட்டுக்கு வராத வீட்டுக்கு இந்த வருஷம் முறைத்தண்ணி கிடையாது. கையைத் தூக்குங்க."

"அவளையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றாள் உர்மத் அக்கா.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

ஏழு கை உடனே எழுந்தது. பெர்மெத் கையோடு எட்டு. கொஞ்சம் பொறுத்து உர்மத் அக்காவின் கையும் ஏறியது. ரஷ்யா போனவன் ஒரு காசு அனுப்புவதில்லை. அந்தத் துண்டு நிலத்துக் கிழங்கை விட்டால் துர்சுனைக்கு வேறு கதியில்லை. தெரிந்துதான் தூக்கினார்கள்.

"நானே போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள் பெர்மெத்.

மேய்ச்சலிலிருந்து மாடுகள் திரும்பி, தெருவெல்லாம் புழுதி. துர்சுனை வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.

"பார்த்தியா! ஊரே ரோட்டிலே கிடக்குது, இவ ஊர் சுத்தப் போயிட்டா!"

ஆத்திரத்தில் கதவை ஓர் உதை உதைத்தாள். கால்தான் வலித்தது. தொண்டை வேறு வறண்டு போயிருந்தது. ஒரு வாய் மோர் குடித்துவிட்டுத் தேடலாம் என்று தன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

ஜோல்தோஷ் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். டி.வி. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பாவம், கறந்து களைத்துவிட்டான் போல என்று போர்வையை இழுத்து விட்டாள்.

அப்போது கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்... சர்ர்...

வாளியில் பால் விழுகிற சத்தம்.

பெர்மெத் புருஷனைப் பார்த்தாள். கொல்லைக் கதவைப் பார்த்தாள். ஓடிப் போய்த் தொழுவத்தில் தலையை நீட்டினாள்.

மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள் துர்சுனை. தலைத்துணி வியர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. விரலெல்லாம் வீங்கியிருந்தது.

"அடியே! நீயா?"

"கத்தாதீங்கக்கா, மாடு பாலை அடக்கிடும். இன்னும் மூணு வீடு பாக்கி இருக்கு."

"மூணு வீடா? அப்போ தெரு முழுக்க..."

"நான் ஒருத்தி ரோட்டுக்கு வந்தா, நீங்க ஒன்பது பேரும் வீட்டுக்குத் திரும்பணுமேக்கா."

சொல்ல வந்த சேதி பெர்மெத்தின் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

"நேத்து அத்தனை பேச்சு பேசினேனே! அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

துர்சுனைக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயோ, அண்ணன்கிட்ட கேட்டுடாதீங்கக்கா! 'நான்தான் கறக்கறேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், காட்டிக் கொடுத்துடாதே'ன்னு ஒன்பது ஆம்பளைங்களும் தனித்தனியா வந்து என்கிட்ட ரொட்டி மேலே சத்தியம் வாங்கியிருக்காங்க!"